ஸ்பானிஷ் வகுப்பில் மார்க் எங்கே இருக்கிறது?

100-க்கு 70 மார்க் வாங்கியவர் ஃபெயில். 61 வாங்கியவர் பாஸ். ஸ்பானிஷ் மொழியின் தொடக்கநிலைத் தேர்வான தெலே ஏ1-இல் இது நடக்கும், விதிப்படியே நடக்கும். ஏன் என்று முதல் நாளே தெரிந்துகொண்டு வகுப்பில் உட்காருகிறவர்கள் மிகக் குறைவு. மாதக்கணக்கில் படித்துவிட்டு, ரிசல்ட் வந்த பிறகு, "மேடம், எல்லாம் நல்லாத்தானே எழுதினேன், எங்கே போச்சு?" என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். அந்தக் கேள்வி வருவதற்கு முன்பே பதில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வார நாட்களில் நான் சென்னையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன்; சனி, ஞாயிறு காலைகளில் தொடக்கநிலை ஸ்பானிஷ் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் ஓ.எம்.ஆர். சாலை ஐ.டி. ஊழியர்கள். மீதிப்பேரில் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர்கள் உண்டு, கப்பல் சரக்கு அலுவலகத்துக்காரர்கள் உண்டு, வேலை தேடிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. காரணம் கேட்டால் ஏறக்குறைய ஒரே பதில்தான்: கிளையன்ட் மெக்சிகோவிலோ மாட்ரிட்டிலோ இருக்கிறார். 20 நாடுகளில் ஆட்சிமொழியாக இருக்கும் ஒரு மொழி எங்காவது கைகொடுக்கும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. நம்பிக்கை சரிதான். ஆனாலும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏ1 சான்றிதழை மட்டும் காட்டி ஸ்பானிஷ் வேலை வாங்க முடியாது. மொழி தெரிந்தவர் தேவை என்று வரும் விளம்பரங்கள் பெரும்பாலும் பி1, பி2 என்றுதான் கேட்கின்றன. ஏற்கெனவே கையில் இருக்கும் வேலையில் உங்கள் மேல் ஒரு மதிப்பு கூடவும், மேல்நிலைகளுக்குப் போகும் வாசலாகவும் ஏ1 உதவும். இதற்கு மேல் யாராவது உறுதி சொன்னால் பணம் கட்டும் முன் இன்னொரு முறை யோசியுங்கள்.

இப்போது அந்த 70-க்கு வருவோம்.

தெலே என்பது ஸ்பெயின் அரசின் கல்வி அமைச்சகத்தின் பெயரில் இன்ஸ்டிடூட்டோ செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் தேர்வு. ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட பொது மொழிச் சட்டகத்தில் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள். அதில் முதல் படிதான் ஏ1. இந்த நிலையில் நான்கு தாள்கள்: வாசித்தல் 45 நிமிடம், கேட்டல் 25 நிமிடம், எழுதுதல் 25 நிமிடம், பேசுதல் 10 நிமிடம். பேச்சுக்கு முன்னால் தயார் செய்துகொள்ள இன்னொரு 10 நிமிடம் தருவார்கள். ஒவ்வொன்றுக்கும் 25 மார்க். இதுவரை நம் ஊர்த் தேர்வு மாதிரிதான் தெரியும். வித்தியாசம் அடுத்த வரியில் இருக்கிறது. வாசித்தலும் எழுதுதலும் சேர்ந்து ஒரு குழு. கேட்டலும் பேசுதலும் சேர்ந்து இன்னொரு குழு. இரண்டிலும் தனித்தனியாக 50-க்கு 30 எடுத்தாக வேண்டும்.

வாசித்தலில் 24, எழுதுதலில் 20, ஆக 44. கேட்டலில் 14, பேச்சில் 12, ஆக 26. மொத்தம் 70. சான்றிதழ் கிடையாது, ஏனென்றால் இரண்டாவது குழு 30-ஐத் தொடவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் 31-ம் 30-ம் எடுத்து 61-உடன் வெளியே வருகிறார். அவர் தாளில் 'ஆப்தோ', தகுதி பெற்றார் என்றிருக்கும். 70 எடுத்தவர் தாளில் 'நோ ஆப்தோ'.

இந்தக் கணக்கை நான் ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் மணி நேரத்திலேயே போர்டில் எழுதிவிடுகிறேன். காரணம், நாம் வளர்ந்த விதம். பன்னிரண்டாம் வகுப்புவரை எல்லாப் பாடத்தையும் கையால் எழுதித்தான் மார்க் வாங்கினோம். ஆங்கிலத்தையே எழுதித்தான் படித்தோம். அதனால் ஸ்பானிஷ் வகுப்புக்கு வந்ததும் கை தன்னால் நோட்டுக்குப் போகிறது, வாய் மூடிக்கொள்கிறது. வினைச்சொல் அட்டவணையை மூன்று வண்ணப் பேனாவில் எழுதி வைத்திருப்பார்கள். "உங்க வீட்ல எத்தனை பேர்?" என்று ஸ்பானிஷில் கேட்டால் அந்த நோட்டைப் புரட்டுவார்கள்.

வகுப்புக்குள் தரும் மார்க்குக்கும் இதே கதைதான். இடத்துக்கு இடம் பிரிப்பு மாறும். என் வகுப்பில் வருகைக்கும் பங்கேற்புக்கும் 20, வீட்டுப்பாடத்துக்கு 15, வாரத் தேர்வுகளுக்கு 20, இரண்டு பேச்சுத் தேர்வுகளுக்குச் சேர்த்து 30, கடைசி எழுத்துத் தேர்வுக்கு 15. விடிய விடியப் படித்துத் தூக்கிவிடக்கூடியது அந்தக் கடைசி 15 மட்டும்தான். மற்ற 85-ம் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருவது. சேராத வாரம் போனது போனதுதான்.

ஆகவே பணம் கட்டும் முன்பே மார்க் பிரிப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குறைந்தபட்ச வருகை எவ்வளவு, தாமதமாகத் தரும் வீட்டுப்பாடத்துக்கு மார்க் உண்டா, பேச்சுத் தேர்வைத் தவறவிட்டால் மறுபடி வைப்பார்களா, இதெல்லாம் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. கம்பெனி கட்டணத்தைத் திருப்பித் தரும் என்றால் ஹெச்.ஆரிடமும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: அவர்களுக்கு வேண்டியது வகுப்பு முடித்த சான்றிதழா, தெலே சான்றிதழா? என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு வகுப்பில் 88 வந்தது. தெலே கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த ஆண்டின் பணம் போயே போய்விட்டது. ஒரே ஒரு மெயிலில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம்.

ஷிஃப்டையும் பாருங்கள். மெக்சிகோ சிட்டியில் காலை 9 மணி என்றால் இங்கே இரவு 8.30. அந்த கிளையன்டோடு வேலை பார்ப்பவர் மாலை 7 மணி வகுப்பில் சேர்ந்தால் இரண்டாவது வாரமே லீவு போட ஆரம்பிப்பார். தொடக்கநிலையில் ஒரு வகுப்பு போனால் இரண்டு வகுப்பு புரியாது.

அமெரிக்கக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அங்கே பல கல்லூரிகளில் ஒரு வேற்றுமொழிப் பாடம் எடுத்தாக வேண்டும்; நிறையப் பேர் ஸ்பானிஷ் எடுப்பார்கள். முதல் நாள் கையில் தரும் சிலபஸ் தாள் அங்கே பாடப்பட்டியல் மட்டுமில்லை, கிட்டத்தட்ட ஒப்பந்தம். எந்த வேலைக்கு எத்தனை சதவீதம், எத்தனை நாள் வராவிட்டால் கிரேடு இறங்கும் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். 'பேராசிரியரிடம் பேசிப் பார்த்துக்கொள்ளலாம்' என்று அதைப் படிக்காமல் மடித்து வைக்காதீர்கள்.

வாயைத் திறக்கும் இடம்

போன வருடம் என் வகுப்பில் ஒருவர் இருந்தார். அக்கவுண்ட்ஸ் மேலாளர், 40 வயதைத் தாண்டியவர். என்னைவிட மூத்தவர், சார் என்றுதான் கூப்பிடுவேன். வாரத் தேர்வு எல்லாவற்றிலும் 20-க்கு 19, 20. ஒரு நாள்கூட லீவு கிடையாது. முதல் பேச்சுத் தேர்வுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். கைக்குட்டையை மடித்து மேஜையில் வைத்தார்.

"கே ஆசே லோஸ் தொமிங்கோஸ்?" என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வீர்கள்?

கேள்வி புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. பிறகு உதடுகள் அசைந்தன. முதலில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் கட்டினார். அதில் 'நான்' என்பதற்கு ஸ்பானிஷ் தேடினார், "யோ..." என்றார். வினைச்சொல்லின் மூலவடிவம் கிடைத்தது. அதன் தன்மை வடிவத்துக்கு அட்டவணையை மனசுக்குள் மேலிருந்து கீழே ஓட்டினார். ஒரு நிமிடம் போயிற்று. கைக்குட்டை ஈரமாகிவிட்டது.

"சார், இங்கிலீஷை விட்டுடுங்க. தமிழ்ல சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்க?"

"தூங்குவேன், மேடம்."

"'நான்'னு சொன்னீங்களா?"

"இல்லியே."

"இங்கேயும் வேண்டாம். இப்ப சொல்லுங்க."

"துயெர்மோ."

"அவ்வளவுதான். அதுவே முழு வாக்கியம்."

அவர் அப்படியே என்னைப் பார்த்தார். 'தூங்குவேன்' என்பதில் கடைசியில் வரும் 'ஏன்' யார் தூங்குவது என்று சொல்லிவிடுகிறது. 'துயெர்மோ'வில் அந்த வேலையைக் கடைசி 'ஓ' செய்கிறது. ஆங்கிலத்துக்கு எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது. தமிழுக்கும் ஸ்பானிஷுக்கும் நிற்கும். "இ தெஸ்புயேஸ்?" அப்புறம்? "வோய் அல் மெர்காதோ." மார்க்கெட்டுக்குப் போவேன். இந்த முறை 'யோ' வரவில்லை, கண் மேலே போகவில்லை. பதில் மூன்று நொடியில் வந்தது.

தெலே பேச்சுத் தேர்வில் என்ன பார்க்கிறார்கள் என்பது வெளிப்படையாக இருக்கும் விஷயம். கோர்வை, சரளம், பிழையின்மை, சொல்வளம் என்று நான்கு அளவுகோல்கள். இலக்கணப் பிழை அந்த நான்கில் ஒன்றுதான். நாம் பயந்து சாவதெல்லாம் அந்த ஒன்றுக்காக. அந்தப் பயத்தில் வாய் மூடும்போது நான்கும் சேர்ந்து போகின்றன. பிழையோடு ஐந்து வாக்கியம் சொன்னவருக்குக் கிடைப்பது, பிழையில்லாமல் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தியவருக்குக் கிடைக்காது. இதை நான் நிறைய முறை பார்த்துவிட்டேன்.

அறையில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் உங்களோடு பேசுவார், இன்னொருவர் பேசாமல் உட்கார்ந்து மார்க் போடுவார். எதிரில் இருப்பவர் மெதுவாக, தெளிவாகப் பேசி உங்களுக்கு உதவ வேண்டும் என்பது ஏ1 நிலையின் வரையறையிலேயே இருக்கிறது. எனவே புரியாவிட்டால் கேளுங்கள். "நோ என்தியென்தோ", புரியவில்லை. "மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்", கொஞ்சம் மெதுவாக. "புவேதே ரெபெதீர்?", இன்னொரு தடவை சொல்வீர்களா? இவற்றைச் சொல்வது தோல்வி இல்லை. கேட்டு, பதில் பெற்று, உரையாடலைத் தொடர்கிறீர்கள். அதுதான் அங்கே சோதிக்கப்படுவது. என் வகுப்பில் பங்கேற்பு மார்க் போடும்போதும் இதைத்தான் எண்ணுகிறேன். சரியாகச் சொன்னாரா என்று அல்ல, சொல்லிப் பார்த்தாரா என்று.

நான் முதன்முதலில் படித்த இடத்தில் ஆறு மாதம் முழுக்க ஆங்கிலத்திலேயே இலக்கணம் நடத்தினார்கள். மாணவர்கள் வாயிலிருந்து ஒரு ஸ்பானிஷ் வாக்கியம் வந்ததாக நினைவே இல்லை. கடைசியில் பேச்சுத் தேர்வு என்று ஒன்று வைத்தார்கள். அந்த 10 நிமிடம் இன்றைக்கும் மறக்கவில்லை. வகுப்பில் சேரும் முன் ஒரு நாள் சும்மா போய் உட்கார்ந்து பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவது அதனால்தான். ஆசிரியர் முதல் நாளிலிருந்தே ஸ்பானிஷில் பேசுகிறாரா? மாணவர்கள் பதில் சொல்ல நேரம் தருகிறாரா? இந்த இரண்டும் இருந்தால் மற்றது எப்படியும் வந்துவிடும்.

தமிழ் வழியாகப் போகலாம்

என் வகுப்புக்கு வருகிற எல்லோரும் ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷுக்குப் போகப் பார்க்கிறார்கள். பாடப்புத்தகங்கள் அப்படி இருக்கின்றன, ஆப்களும் அப்படித்தான். ஆனால் தொடக்கநிலையில் மார்க் போகும் இடங்களில் பாதியில் தமிழே நேர்வழி.

'மே குஸ்தா' என்ற அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் வழியாக வருகிறவர் 'நான் காபியை விரும்புகிறேன்' என்ற சட்டத்தில் அடைக்கப் பார்த்துத் தடுமாறுவார், ஏனென்றால் ஸ்பானிஷில் அங்கே 'நான்' எழுவாயே இல்லை. "மே குஸ்தா எல் கஃபே" என்றால் 'எனக்குக் காபி பிடிக்கும்'. மே, எனக்கு, குஸ்தா, பிடிக்கும். தலைவலிக்கும் அதே அமைப்புதான்: "மே துயேலே லா கபேசா", எனக்குத் தலை வலிக்கிறது. தமிழ் பேசுகிற யாருக்கும் இதில் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லை, ஆங்கிலம் குறுக்கே வராமல் இருந்தால் போதும்.

தொடக்கநிலை மாணவர்கள் எல்லோரையும் படுத்தும் 'சேர்', 'எஸ்தார்' இரண்டும் அப்படியே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அதனால் எதை எங்கே போடுவது என்ற குழப்பம். தமிழில் 'அவர் டீச்சர்' என்போம், வினையே வேண்டாம். 'அவர் வீட்டில் இருக்கிறார்' என்போம். 'இருக்கிறார்' வந்தே தீரும். முதல் இடத்தில் 'சேர்', இரண்டாவது இடத்தில் 'எஸ்தார்'. 'சூப் ஆறிப்போய் இருக்கு' என்றாலும் 'எஸ்தார்'தான். முழு விதி இது இல்லை, விலக்குகள் உண்டு. ஆனாலும் ஏ1 தேர்வில் முக்கால்வாசித் தூரம் இது கொண்டுபோய் விடும்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. 'ஒரு புத்தகம் தேடுகிறேன்' என்று சொல்வோம். 'தம்பி தேடுகிறேன்' என்று சொல்ல மாட்டோம், 'தம்பியை' என்று ஐ உருபு வந்தாக வேண்டும். ஸ்பானிஷிலும் "புஸ்கோ உன் லிப்ரோ", ஆனால் "புஸ்கோ ஆ மி எர்மானோ". ஆள் என்றால் நடுவில் ஓர் 'ஆ'. உயர்திணைக்கு நாம் தரும் அதே மரியாதை. ஆங்கிலவழி மாணவர்கள் இந்த 'ஆ'வை மாதக்கணக்கில் மறந்துகொண்டே இருப்பார்கள். நான் ஐ உருபைக் காட்டியவுடன் என் மாணவர்கள் மறப்பதில்லை.

உச்சரிப்பிலும் லாபம் நமக்கு. ஸ்பானிஷ் 'த' நம் 'த'தான். ஆனாலும் ஆங்கிலப் பழக்கத்தில் 'டெங்கோ', 'டூ' என்கிறார்கள். 'தெங்கோ', 'தூ' என்று சொல்லிப் பழகுங்கள். 'நாதா' என்று தமிழில் எழுதி, 'கதை' என்பதில் வரும் மெல்லிய 'த'வோடு படித்தால் அப்படியே ஸ்பானிஷ். 'ஞ' நம்மிடம் இருக்கிறது. 'பெரோ' என்றால் ஆனால். 'பெற்ரோ' என்று நாக்கை அதிரவிட்டால் நாய். கன்னியாகுமரிப் பக்கம் ரகர றகர வேறுபாட்டோடு பேசி வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு சட்டென்று காதில் விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. மேஜை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பது அஃறிணைக்குப் பால்பிரிவு பார்க்காத நமக்குப் புதுசு. சொல்லைத் தனியாகப் படிக்காமல் 'லா மேசா', 'எல் லிப்ரோ' என்று முன்சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். வேறு வழி இல்லை. 'கை' என்ற சொல் ஓவில் முடிந்தாலும் 'லா மானோ', 'பிரச்சினை' ஆவில் முடிந்தாலும் 'எல் ப்ரொப்லேமா'. இவை இரண்டும் தேர்வில் அடிக்கடி வரும்.

அழுத்தம் இன்னும் பெரிய கண்ணி. தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது. ஸ்பானிஷில் 'ஆப்லோ' என்று முதல் அசையை அழுத்தினால் 'பேசுகிறேன்'. கடைசி அசையை அழுத்தினால் 'அவர் பேசினார்'. எழுத்தில் மேலே ஒரு சிறு கோடுதான் வித்தியாசம். அந்தக் கோட்டை விட்டால் எழுத்துத் தாளில் மார்க் போகும், கேட்டல் தாளில் ஆளே மாறிப்போவார். ஞகரத்தின் மேல் வரும் அலைக்கோடும் அப்படி. வயதைச் சொல்லும்போது 'ஆண்டுகள்' என்ற சொல்லில் அதை விட்டுவிட்டால், அது உடலின் மறைவான ஒரு பகுதியின் பெயராகிவிடும். கிளையன்டுக்கு எழுதும் சுய அறிமுக மெயிலில் இதைப் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் ஸ்பானிஷ் கீபோர்டை முதல் வாரமே சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்துத் தாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு படிவத்தை நிரப்புவதும், சின்னதாக ஒரு செய்தி எழுதுவதும்தான். கேட்ட விவரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். வணக்கமும் விடைபெறுதலும் மறக்க வேண்டாம். வாசித்தல், கேட்டல் தாள்களில் தப்பு விடைக்கு மார்க் கழிக்க மாட்டார்கள், ஆகவே எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். ஒலிப்பதிவு ஒவ்வொன்றும் இரண்டு முறை வரும். முதல் முறை கேட்டு ஊகியுங்கள், இரண்டாவது முறை உறுதிசெய்யுங்கள்.

வீட்டுப்பாடத்தை மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டு எடுக்காதீர்கள். ஐந்தாவது வார மாணவர் எழுதிய 40 சொல் செய்தியில், இரண்டு வருடம் கழித்துப் படிக்க வேண்டிய வினைவடிவம் வந்தால் எந்த ஆசிரியருக்கும் தெரியும். நான் சுழியம் போடுவேன். மார்க்கைவிட எனக்கு வருத்தம் வேறு: அந்த 15 நிமிடத்தில் நீங்கள் செய்திருக்கக்கூடிய ஏழெட்டுப் பிழைகளை என்னால் பார்க்க முடியாமல் போகிறது. அவற்றைத் திருத்தத்தானே நான் இருக்கிறேன்.

மேஜைக்கு வரும்போது

ஏ1 முடித்தவரால் அலுவலகத்தில் உடனே செய்ய முடிகிற காரியங்கள் சிறியவை, ஆனால் கண்ணில் படுகிறவை. ஃபாக்தூரா என்றால் இன்வாய்ஸ், பெதீதோ என்றால் ஆர்டர், அத்ஹூன்தோ என்றால் இத்துடன் இணைத்துள்ளேன். இந்த மாதிரி 50 சொல் தெரிந்தாலே மெயில் எதைப் பற்றியது என்று புரிந்து, சரியான ஆளுக்கு அனுப்பிவிடலாம்.

எண்களில்தான் கவனம். ஸ்பெயினில் ஆயிரத்துக்குப் புள்ளி, பைசாவுக்குக் கமா: 1.250,50 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது யூரோ 50 சென்ட். மெக்சிகோவில் நம்மைப் போலவே 1,250.50. மாட்ரிட்டிலிருந்து வரும் சரக்குத் தாளில் 2,500 கிலோ என்றிருந்தால் அது இரண்டரை கிலோ. எந்த நாட்டுத் தாள் என்று பார்க்காமல் எக்செல்லில் ஏற்றினால் என்ன ஆகும் என்று அக்கவுண்ட்ஸ்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பானிஷ் 'பில்யோன்' நூறு கோடி அல்ல, லட்சம் கோடி. நூறு கோடிக்கு 'மில் மில்யோனெஸ்', ஆயிரம் மில்லியன் என்பார்கள்.

பெயரும் அப்படித்தான். வழக்கமாக இரண்டு குடும்பப்பெயர் இருக்கும். முதலில் அப்பாவுடையது, அடுத்து அம்மாவுடையது. எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்கேஸை 'மார்க்கேஸ்' என்று மட்டும் சொல்வது அங்கே பொருந்தாது. அவர் கார்சியா மார்க்கேஸ். மெயிலில் 'செஞோர்' போட்டுக் கடைசிப் பெயரை எழுதினால் அவருடைய அம்மா வழிப் பெயரால் கூப்பிட்டதாக ஆகும். நீ, நீங்கள் விஷயத்தில் நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம்: 'உஸ்தேத்' என்று தொடங்குங்கள், அவர்களாக 'தூ' என்று எழுதிய பிறகு நீங்களும் மாறுங்கள். ஸ்பெயின்காரர்கள் சீக்கிரம் மாறிவிடுவார்கள். கொலம்பியாவில் நெருங்கிய நண்பர்களே 'உஸ்தேத்' என்று பேசிக்கொள்வதைக் கேட்கலாம்.

ரெஸ்யூமில் 'ஸ்பானிஷ் தெரியும்' என்று எழுதாதீர்கள். 'ஸ்பானிஷ்: ஏ1, தெலே' என்று எழுதி, தேறிய ஆண்டையும் போடுங்கள். நேர்முகத்தில் இருப்பவர் ஸ்பானிஷ் பேசுகிறவராக இருந்தால் எந்த அளவுக்குக் கேட்கலாம் என்று அவருக்குத் தெரியும். உங்களுக்கும் சங்கடம் இல்லை. தெலே சான்றிதழ் காலாவதி ஆகாது. சியேலே என்று 2016-இல் வந்த இன்னொரு தேர்வு இருக்கிறது. கம்ப்யூட்டரில் எழுதுவது, சான்றிதழ் 5 ஆண்டுக்குச் செல்லும். கம்பெனி எதை ஏற்கிறது என்று கேட்டுக்கொண்டு பதிவு செய்யுங்கள். பதிவில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். நம் இனிஷியல் எந்தக் கட்டத்தில் போகிறது என்று இரண்டு முறை பாருங்கள்.

'நோ ஆப்தோ' வந்துவிட்டால் மொத்த மார்க்கைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். எந்தக் குழுவில் 30 வரவில்லை என்று பாருங்கள். தேறிய குழுவை அடுத்த தேர்வுக்குக் கொண்டுபோக முடியாது, நான்கையும் மறுபடி எழுத வேண்டும். ஆனால் படிப்பை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. என்னிடம் 44-ம் 26-ம் வாங்கி வந்தவர்களிடம் நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்கிறேன். தினமும் 20 நிமிடம் ஸ்பானிஷ் வானொலியோ ஒலிப்பாடமோ கேட்க வேண்டும். இரவில் அன்றைய நாளைப் பற்றி ஐந்து வாக்கியம் போனில் பேசிப் பதிவுசெய்து எனக்கு அனுப்ப வேண்டும். அந்த அக்கவுண்ட்ஸ் சார் அனுப்பிய முதல் பதிவு 11 நொடி. எழுந்தேன், வேலைக்குப் போகிறேன், களைப்பாக இருக்கிறேன் என்ற அளவுதான். போன வாரம் வந்தது ஒன்றரை நிமிடம். நடுவில் அவர் மனைவி சாப்பிடக் கூப்பிடுகிற சத்தமும், "ஊன் மொமெந்தோ" என்று இவர் சொல்கிற சத்தமும் இருந்தன.